உதவி: அரைத் தானியங்கி வேட்டை ரைபிளில் கோது சிக்குகிறது. திருத்துவதா, பிரவுனிங் பாருக்கு மாறுவதா?

நெடுந்தீவான்:

எல்லோருக்கும் வணக்கம். ஒன்ராரியோவில் இருக்கிறேன். துவக்கு உரிமம் எடுத்து நான்கு வருடம் ஆகிறது. அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசித்துப் பதில் சொல்லுங்கள்.

சென்ற நவம்பரில் பரி சவுண்ட் பக்கம் மான் வேட்டைக்குப் போனோம். காலை ஏழரை மணி, மைனஸ் 9 பாகை. எண்பது மீற்றரில் ஒரு வெள்ளைவால் கலைமான் நின்றது. என் முதல் வெடி ஒரு சாண் பின்னால் பட்டுவிட்டது. உடனே இரண்டாவது வெடி வைக்க விசையை இழுத்தேன், ஒன்றும் இல்லை. பார்த்தால் ரவையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் மூடியபடியே இருக்கிறது. சுட்ட ரவையின் (தோட்டாவின்) கோது, அதாவது வெறும் பித்தளை உறை, உள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கைபிடியை இழுத்தும் அசையவில்லை. மான் சதுப்புக் காட்டுக்குள் இறங்கிவிட்டது. பனியில் இரத்தச் சுவட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் நடந்து, கடைசியில் நண்பர்தான் அதை முடித்துவைத்தார். அந்த இரண்டு மணித்தியாலமும் அது பட்ட வேதனை என் மனதை விட்டுப் போகவில்லை.

ரைபிள் என் மாமாவுடையது. 30-06 ரவைக்கானது, வெடியின் வாயுவால் இயங்கி அடுத்த ரவையைத் தானே ஏற்றும் அரைத் தானியங்கி, அறுபதுகளில் செய்தது. எந்தக் கம்பனி என்று இப்போதைக்கு எழுதவில்லை. பிழை துவக்கிலா என்னிலா என்று தெரியாமல் பெயரைச் சொல்வது சரியில்லை.

இதைத் திருத்தலாமா? அல்லது பிரவுனிங் பார், பெனெல்லி ஆர்-1 போன்ற ஒன்றை வாங்குவதா? குளிரில் எது நம்பிக்கையாக வேலை செய்யும்?

வன்னிக்காட்டான்:

தம்பி, மானைத் தேடிப் போய் எடுத்தீர்கள் பாருங்கள், அது பெரிய விஷயம். பாதியில் திரும்பி வருபவர்களையும் கண்டிருக்கிறேன்.

புதுத் துவக்கைப் பற்றிப் பிறகு கதைப்போம். முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். அந்தக் கோதின் விளிம்பு கிழிந்திருந்ததா? ரவை கடையில் வாங்கியதா, கையால் மறுபடி நிரப்பியதா? உங்கள் கைக்கு வருமுன் ரைபிள் எத்தனை வருடம் சும்மா கிடந்தது?

கோதை எறிந்துவிடவில்லைத்தானே? துவக்கைவிட அதுதான் கதை சொல்லும்.

நெடுந்தீவான்:

நன்றி அண்ணை. கோது இன்னும் என்னிடம் இருக்கிறது. விளிம்பில் பிறை வடிவில் ஒரு துண்டு கிழிந்திருக்கிறது. கோதை இழுக்கும் கொக்கி பிய்த்துக்கொண்டு வந்த மாதிரி. வீட்டுக்கு வந்ததும் ரவைக்கூட்டை (மகசினை) கழற்றிவிட்டு, குழல்வாயிலிருந்து சுத்தம் செய்யும் கம்பியை விட்டு மெதுவாகத் தட்டித்தான் எடுத்தேன்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கோதின் அடிப்பக்கம் மணல் ஒட்டியது போலச் சின்னச் சின்னப் பொருக்கு. விரல் நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது. ஒரு பக்கத்தில் மட்டும்தான், சுற்றிவர இல்லை.

ரவை நண்பர் ஒருவர் வீட்டில் நிரப்பித் தந்தது. அவருடைய போல்ட் ரைபிளில் அதே ரவை பிரச்சினையில்லாமல் ஓடுகிறது. மாமா இறந்தபிறகு துவக்கு பதினொரு வருடம் நிலவறையில், ஸ்பொஞ்ச் வைத்த பெட்டிக்குள் கிடந்தது.

கடைசல்காரன்:

முப்பது வருடமாகக் கடைசல் பட்டறையில் வேலை. துவக்குத் திருத்தும் ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து உதவியிருக்கிறேன். நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது.

கோது பித்தளை. 30-06 ரவை வெடிக்கும்போது உள்ளே ஒரு சதுர அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட 60,000 இறாத்தல் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தில் பித்தளை ஊதிப்போய்ச் சேம்பரின் (குழலின் பின்முனையில் ரவை உட்காரும் அறையின்) சுவரோடு அப்படியே அப்பிக்கொள்ளும். அழுத்தம் இறங்கியதும் ஒரு மயிரளவு சுருங்கி, சுவரை விட்டு விலகும். அப்போதுதான் அதை இழுத்து எடுக்க முடியும். சுவரில் துருக்குழி இருந்தால் பித்தளை அந்தக் குழிக்குள் புகுந்துவிடும். சுருங்கினாலும் பிடி விடாது. உங்கள் விரல் நகத்தில் தட்டுப்படும் பொருக்கு அந்தக் குழிகளின் அச்சு. ஒரு பக்கத்தில் மட்டும் என்றீர்கள் அல்லவா? பெட்டிக்குள் படுத்துக் கிடந்தபோது ஈரம் இறங்கித் தங்கிய பக்கமாக இருக்கவேண்டும். ஸ்பொஞ்ச் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். அந்தப் பெட்டி பயணத்துக்கு மட்டும்தான்; வருடக்கணக்கில் துவக்கை அதற்குள் வைக்கக்கூடாது.

போல்ட் ரைபிளில் ஏன் இது தெரிவதில்லை என்று கேட்பீர்கள். அங்கே சுட்டு, மூச்சு விட்டு, கையால் திறக்கிறோம். கை இழுப்புக்குப் பலமும் உண்டு, நேரமும் உண்டு. அரைத் தானியங்கியில் சன்னம் குழல்வாயைத் தாண்டுகிற நேரத்திலேயே இயக்கம் தொடங்கிவிடுகிறது. கொக்கிக்குக் கிடைப்பது ஒரே ஒரு இழுப்பு. கோது வராவிட்டால் ஒன்று விளிம்பு கிழியும், அல்லது போல்ட் அப்படியே நின்றுவிடும்.

நண்பரின் ரவையையும் பாருங்கள். போல்ட் ரைபிளுக்கு நிரப்புகிறவர்கள் பலர் கோதின் கழுத்தை மட்டும்தான் பழைய அளவுக்கு இறுக்குவார்கள். உடல் அவருடைய சேம்பரின் அளவிலேயே இருக்கும். உங்கள் சேம்பர் ஒரு இழை சின்னதாக இருந்தாலும் அது இறுகும். அரைத் தானியங்கிக்கு நிரப்பினால் கோது முழுவதையும் அளவுக்குக் கொண்டுவரவேண்டும். அடிப்பக்கத்தை இன்னும் கொஞ்சம் ஒடுக்கும் அச்சும் தனியாகக் கிடைக்கிறது. இப்போதைக்கு அந்த ரவையை ஒதுக்கிவிட்டுக் கடையில் வாங்கிய 150 அல்லது 180 கிரெயின் (சன்னத்தின் எடை) ரவையில் சோதியுங்கள்.

சேம்பரை நீங்களே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவேண்டாம், தயவுசெய்து. அளவு கூடிவிட்டால் ரவை பின்னால் இடம் விட்டு உட்காரும், அது ஆபத்து. வளையும் கம்பியில் சேம்பர் பிரஷ் பூட்டி, கரைப்பான் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். இந்த வகை ரைபிள்களில் பின்பக்கம் மூடியிருக்கும், நேர்க்கம்பி பின்னாலிருந்து போகாது. அதனால்தான் பலர் குழலைப் பளபளவென்று வைத்திருப்பார்கள், சேம்பரில் கை படாமலே விட்டுவிடுவார்கள். பிறகு உரிமம் உள்ள ஒரு திருத்துனரிடம் கொண்டுபோங்கள். குழி மேலோட்டமாக இருந்தால் மெருகு போடலாம். ஆழமாக இருந்தால் வேறு குழல்தான்.

கரிசல்மண்:

டெக்சாஸிலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் கோவில்பட்டி. இங்கே காட்டுப்பன்றிக்கு அரைத் தானியங்கிதான் அதிகம். ஆனால் மானுக்கு ஒரே தோட்டாதானே வேண்டும்? பேசாமல் ஒரு போல்ட் ரைபிள் வாங்கிவிடுங்கள். சிக்குகிற பாகமே குறைவு.

வன்னிக்காட்டான்:

கரிசல்மண் சொல்வதில் நியாயம் இருக்கிறது. புதிதாகத் தொடங்கும் ஒருவர் கேட்டால் நானும் அதையே சொல்வேன். ஆனால் அடர்ந்த காட்டில், காயம்பட்ட மிருகம் ஓடும்போது, கண்ணை ஸ்கோப்பிலிருந்து எடுக்காமல் இரண்டாவது வெடி வைக்க முடிவது பெரிய உதவி. தம்பியின் மான் அன்றைக்கு அங்கேயே விழுந்திருக்கும்.

ஒப்பிடச் சொல்லிக் கேட்டதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிரவுனிங் பார் 1967-ல் வந்தது. வாயு ஒரு பிஸ்டனைத் தள்ளும், சுழன்று பூட்டும் போல்டில் ஏழு பூட்டு முனைகள். 300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற பலமான ரவைக்கும் அதே அமைப்புத் தாங்குகிறது என்பதே அதன் உறுதிக்குச் சாட்சி. 1993-ல் வந்த மார்க் 2-வில் வாயு அமைப்பைத் திருத்தினார்கள், போல்டை விடுவிக்கும் நெம்பும் சேர்ந்தது. பழையது வாங்கினால் மார்க் 2-விலிருந்து பாருங்கள். குறை என்றால், முழுவதும் பிரித்துச் சுத்தம் செய்வது லேசான வேலை இல்லை.

பெனெல்லி ஆர்-1 இன்னொரு வழி. சேம்பருக்குக் கிட்டவே வாயுவை எடுத்துக் குறுகிய பிஸ்டனால் தள்ளுகிறது. அமெரிக்க மரைன் படை வைத்திருக்கும் எம்-4 சொட்கன் துவக்குக்குச் செய்த அமைப்பிலிருந்து வந்தது. கரி குறைவாகப் படியும், பிரிப்பதும் சுலபம். நான் ஒரு பருவம் இரவல் வாங்கிச் சுட்டேன், மனதுக்குப் பிடித்தது.

ரெமிங்டன் 742, 1960-லிருந்து 1980 வரை செய்தார்கள். ஒன்ராரியோவில் பழைய வேட்டைக்காரர் வீடுகளில் அதிகம் காணலாம். அதில் பார்க்கவேண்டியது ஒரே இடம்: போல்டைப் பின்னுக்கு இழுத்து, டோர்ச் அடித்து, உள்ளே போல்ட் ஓடும் தண்டவாளத்தைப் பாருங்கள். போல்ட் முனைகள் தட்டித்தட்டி வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். அதற்கு நல்ல வைத்தியம் இல்லை. 1981-ல் வந்த 7400-ல் முனைகளின் எண்ணிக்கையைக் குறைத்துப் பெரிதாக்கியதற்குக் காரணம் அதுதான்.

வின்செஸ்டர் 100 கையில் கிடைத்தால், சுடும் ஊசி மாற்றப்பட்டதா என்று கட்டாயம் கேளுங்கள். ஊசி உடையும் ஆபத்துக்காகத் தயாரிப்பாளரே எச்சரித்துத் திரும்ப அழைத்த துவக்கு அது. மாற்றாததைச் சுடவே கூடாது.

ஹெக்லர் கோக் எஸ்எல்-7 பற்றியும் சொல்லவேண்டும், கடைசல்காரன் சொன்னதற்கு அது நல்ல உதாரணம். அதன் சேம்பரில் நீளவாட்டில் நுண்ணிய கால்வாய்கள் வெட்டியிருப்பார்கள். அவற்றின் வழியே வாயு புகுந்து கோதைச் சுவரிலிருந்து மிதக்கவிடும். சுட்ட கோதைப் பார்த்தால் கரிக்கோடு கோடாக இருக்கும். கோது ஒட்டுவதுதான் அரைத் தானியங்கியின் முதல் எதிரி என்று அந்தப் பொறியியலாளர்கள் சேம்பரையே மாற்றிக் கட்டியிருக்கிறார்கள்.

ஒன்று வாங்குவதென்றால், 2020 மே 1-க்குப் பிறகு கனடாவில் துவக்குகளின் தடைப்பட்டியல் மாறிக்கொண்டே வருகிறது. அந்த மாதிரி இன்று எந்த வகுப்பில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் காசை நீட்டவேண்டும். ரவைக்கூட்டில் ஐந்துக்கு மேல் போகக்கூடாது என்பது தெரியும்தானே.

லியோன்வாசி:

பிரான்ஸில் இருக்கிறேன். இங்கே காட்டுப்பன்றியைக் கலைத்து விட்டுச் சுடும் கூட்டு வேட்டை; ரவைக்கூட்டில் இரண்டு, சேம்பரில் ஒன்று, மொத்தம் மூன்றுதான் சட்டம். எட்டு வருடமாகப் பிரவுனிங் பார் வைத்திருக்கிறேன், மழையிலும் சேற்றிலும் ஏமாற்றியதில்லை.

ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. சத்தம் கேட்கக்கூடாது என்று போல்டைக் கையால் பிடித்து மெதுவாக முன்னுக்கு விடுவார்கள். அப்போது சில நேரம் அது முழுவதும் பூட்டாது. பன்றி முன்னால் வந்து நிற்கும்போது விசையை இழுத்தால் வெடிக்காது. போல்டைப் பின்னுக்கு இழுத்து, அப்படியே விட்டுவிட வேண்டும். சத்தம் வந்தால் வரட்டும், நிற்கும் இடத்துக்குப் போனவுடனேயே அதை முடித்துவிடுங்கள்.

நெடுந்தீவான்:

லியோன்வாசி, நான் இத்தனை நாளும் மெதுவாகத்தான் விட்டுக்கொண்டிருந்தேன்! அன்றைய சிக்கல் அதனால் இல்லை, ஆனாலும் நல்லவேளை சொன்னீர்கள்.

குளிரைப் பற்றி யாராவது சொல்வீர்களா? மைனஸ் 20-ல் என்ன எண்ணெய்?

வன்னிக்காட்டான்:

எண்ணெய் குறையக் குறைய நல்லது. பழைய கிறீஸ், தடித்த எண்ணெய் எல்லாம் குளிரில் பாணி மாதிரி இறுகிப் போல்டின் வேகத்தைக் கெடுக்கும். அப்போது கோது ஒட்டாது, ஆனால் போல்ட் பாதித்தூரம் போய்த் திரும்பி அடுத்த ரவையைத் தூக்காது, அல்லது வெளியே போகிற கோதைக் கடித்துப் பிடிக்கும். அப்படி நடந்தால் வாயுப் பக்கத்தையும் எண்ணெயையும் பாருங்கள். உங்களுடையது அந்த வகை இல்லை.

பருவத்துக்கு முன் எல்லாவற்றையும் கரைப்பானில் கழுவித் துடைத்து, குளிருக்கான மெல்லிய செயற்கை எண்ணெய் ஒரு துளி, விரலில் தொட்டுப் பூசினால் போதும். மாலையில் சூடான குடிலுக்குள் துவக்கை அப்படியே கொண்டுவந்தால் மூக்குக்கண்ணாடி மாதிரி வியர்க்கும். உறைக்குள் சிப்பைப் பூட்டியபடியே வைத்து, மெதுவாகச் சூடேறவிட்டுப் பிறகு திறந்து துடையுங்கள். வியர்த்ததைத் துடைக்காமல் விடியக் கொண்டுபோனால் அந்த நீர் போல்டுக்குள் பனிக்கட்டியாகிவிடும்.

நெடுந்தீவான்:

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். திருத்துனர் சின்னக் கமெராவைச் சேம்பருக்குள் விட்டுக் காட்டினார். கடைசல்காரன் சொன்னது அப்படியே. ஒரு பக்கத்தில் மட்டும் துருக்குழி, பெருவிரல் நகத்தளவு. மேலோட்டம்தான். மெருகு போட்டு, ரவை உட்காரும் அளவைச் சரிபார்த்து, தேய்ந்த கொக்கியையும் மாற்றித் தந்தார்.

சனிக்கிழமை சுடுதளத்தில் கடையில் வாங்கிய 40 ரவை சுட்டேன். ஒன்றும் சிக்கவில்லை. கோதுகளை ஒவ்வொன்றாக நகத்தால் தடவிப் பார்த்தேன், வழுவழுப்பு. நண்பரின் ரவையில் மிச்சமிருந்த ஐந்தையும் திருத்துனர் அளந்து பார்த்துவிட்டு, அடி பருத்திருக்கிறது, இதில் போடாதே என்று எடுத்து வைத்துவிட்டார்.

இந்த வருடம் மாமாவின் துவக்கோடுதான் போகப்போகிறேன். ஆனால் முதல் வெடியைச் சரியான இடத்தில் வைப்பதற்காக, அதற்குள் ஒவ்வொரு ஞாயிறும் சுடுதளத்துக்குப் போவதாக இருக்கிறேன். பெட்டியின் ஸ்பொஞ்சை உருவி எறிந்துவிட்டேன்.

கடைசல்காரன்:

நல்லது தம்பி. மைனஸ் பத்துக்குக் கீழே போகிற ஒரு நாளில், துவக்கை ஒரு மணித்தியாலம் வெளியே குளிரவிட்டு இன்னும் பத்து ரவை சுட்டுப் பாருங்கள். அந்தக் கோதுகளையும் நகத்தால் தடவிவிட்டு எழுதுங்கள்.