தெருக் குழு: முகாம் பேட்டியை வீட்டிலிருந்தே எடுப்பது எப்படி

காட்பாடி பாப்பா, காலை 7:05
எல்லாருக்கும் வணக்கம். ஹாஸ்டல் மூடிட்டாங்க. டீம்ல ஆறு பேரும் இப்ப ஆறு ஊர்ல இருக்கோம். முகாம்ல இருக்கிற இலங்கைத் தமிழ்க் குடும்பங்களை நேர்ல பாத்து எடுக்கறதா இருந்த பேட்டி எல்லாம் இனிமே போன்லதான். ஒலி, போட்டோ, மேப், காலவரிசை நாலும் சேர்ந்த ஒரு வலைப்பக்கம் வரணும். வாட்ஸ்அப் கால்ல பேசி அதையே ரெக்கார்ட் பண்ணிடலாம்னு டீம்ல சொல்றாங்க. சரியா வருமா சித்தப்பா?

ரேடியோ சித்தப்பா, காலை 7:21
வராதும்மா. கால்ல வர்ற குரலைப் பதிவு பண்ணா, நெட்வொர்க் விட்டது போக மிச்சம்தான் கைக்கு வரும். சிக்னல் தடுமாறும்போது நடுவுல துண்டு துண்டா தொலையும். ஆப் அந்த ஓட்டையை அடைக்கப் பாக்கும், குரல் பீப்பாய்க்குள்ள இருந்து பேசற மாதிரி ஆயிடும். பழைய மாதிரி சாதா கால்னா 300லேர்ந்து 3400 ஹெர்ட்ஸ்தான் போகும், ச, ஸ, ஃப எல்லாம் மங்கிடும். எடிட்டிங்ல எதையும் திரும்பக் கொண்டு வர முடியாது. பேசறவங்க பக்கத்துல, அவங்க போன்லயே குரல் பதிவாகணும். கால் பேசிக்கறதுக்கு மட்டும்தான்.

குடியாத்தம் தம்பி, காலை 7:24
அப்ப கால் ஓடிக்கினு இருக்கும்போதே அதே போன்ல ரெக்கார்டரையும் ஆன் பண்ணச் சொல்லிடலாமா அண்ணா?

எடிட்டிங் அண்ணா, காலை 7:40
கூடாது. ஆண்ட்ராய்டுல கால் நடக்கும்போது மைக் கால் ஆப்புக்குத்தான் சொந்தம். ரெக்கார்டர் ஓடற மாதிரியே காட்டும், நிமிஷம் ஏறிக்கினே போகும், அப்பாலிக்கு போட்டுக் கேட்டா ஒண்ணுமே இருக்காது. ஒரு மணி நேரம் மனசு விட்டுப் பேசினவங்ககிட்ட போய் திரும்பச் சொல்லுங்கன்னு கேக்கக் கூடாது.

ரெண்டு போன் வேணும். ஒண்ணுல கால், இயர்போன் போட்டு. இன்னொண்ணு ஏரோபிளேன் மோட்ல, ரெக்கார்டர் மட்டும். ஏரோபிளேன் மோட் போடாம விட்டா நடுவுல யாராவது கூப்பிடுவாங்க, பதிவு அங்கயே நின்னுடும். இயர்போன் இல்லாம ஸ்பீக்கர்ல போட்டா உங்க கேள்வி அவங்க குரல் மேல விழும், பிரிக்க முடியாது. சார்ஜர் சொருகியிருந்தா பிடுங்கிடணும், சில சார்ஜர் ம்ம்ம்னு ஒரு இரைச்சலைப் பதிவுல விடும்.

டியூஷன் அக்கா, காலை 8:02
ரெண்டு போனுக்கு எங்க போறது? பாதி வீட்ல நல்ல போன் ஒண்ணுதான் இருக்கு. அதுவும் பெயிண்டிங் வேலைக்குப் போறவரோட போயிடும், ராத்திரி ஏழு மணிக்கு மேலதான் வீட்டுக்கு வரும். பாட்டிங்ககிட்ட இருக்கிறது பட்டன் போன்.

எடிட்டிங் அண்ணா, காலை 8:11
அப்ப கால் இல்லாமயே எடுக்கலாம் அக்கா. கேள்வியை வாய்ஸ் மெசேஜா அனுப்பணும், ஒரு தடவைக்கு ஒரே கேள்வி. அவங்க கேட்டுட்டு, ஏரோபிளேன் மோட் போட்டு, ரெக்கார்டரை ஆன் பண்ணி பதில் சொல்லணும். கேள்வி பதிவுல இருக்காது, அதனால பதில் முழு வாக்கியமா வரணும். “முகாம் ஸ்கூல்ல எத்தனையாவது சேர்ந்தீங்க?”ன்னு கேட்டா “மூணாவது”ன்னு ஒத்தை வார்த்தை வரும், அதை எங்கயும் ஒட்ட முடியாது. “ஸ்கூல்ல சேர்ந்த முதல் நாளைப் பத்திச் சொல்லுங்க”ன்னு கேளு, கதையா வரும்.

பாட்டிக்கு பேரப் பிள்ளை பக்கத்துல உக்காந்து கேக்கட்டும். கேள்வித் தாளை அந்தப் பிள்ளைக்கு முன்னாடியே அனுப்பிடு. அந்நியர் கேக்கறதைவிட பேரன் கேட்டா பதில் நல்லாவே வரும்.

ரேடியோ சித்தப்பா, காலை 8:30
இடத்தைப் பத்தி சொல்றேன், இதுலதான் பாதி வேலை கெடும். முகாம்ல பழைய வீடெல்லாம் பத்துக்குப் பத்து அடி, மேல ஷீட்டு. வெறும் சுவர்ல குரல் மோதி எதிரொலிக்கும். நடு அறையில உக்கார வேணாம், துணி மாட்டியிருக்கிற மூலைக்குப் போகச் சொல்லு. முதுகுக்குப் பின்னாடி போர்வை, முன்னாடி ஒரு தலையணை, அது போதும்.

போனை மேஜை மேல வெறுமனே வைக்கக் கூடாது, கை பட்டா டொக் டொக்னு விழும். நாலா மடிச்ச துண்டு மேல வைக்கணும். வாய்க்கும் போனுக்கும் ஒரு சாண் இடைவெளி, நேருக்கு நேர் இல்லாம கொஞ்சம் பக்கவாட்டுல. நேரா வச்சா ‘ப’ வரும்போதெல்லாம் காத்து அடிக்கும். கையில புடிச்சுக்கினு பேசினா விரல் மைக் ஓட்டையை மூடிடும், பெரும்பாலான போன்ல அது அடிப்பக்கம் இருக்கு.

பேசி முடிச்சதும் அரை நிமிஷம் யாரும் பேசாம, அந்த அறையோட சத்தத்தை மட்டும் பதியச் சொல்லு. வெட்டற இடத்துல ஒட்டுப் போட அதுதான் உதவும். இதை எல்லாரும் மறந்துடறாங்க.

காட்பாடி பாப்பா, காலை 8:34
ஃபேன் சித்தப்பா? கத்திரி வெயில்ல ஆஃப் பண்ணச் சொல்றதுக்கே கஷ்டமா இருக்கு.

ரேடியோ சித்தப்பா, காலை 8:41
ஃபேன் ஆஃப்லதான் இருக்கணும். அதுக்காக வயசானவங்களை வேக வைக்கக் கூடாது. விடியக்காலை ஆறு மணிக்கு வச்சுக்கோ. ஆறேழு நிமிஷம் பதிவு, அப்புறம் ஃபேன் போட்டு தண்ணி குடிச்சிட்டு அடுத்த கேள்வி. சின்னச் சின்ன பைலா வரும், அனுப்பவும் சுலபம், ஒண்ணு கெட்டாலும் மத்தது தப்பிக்கும். ஆறரைக்கு மேல குக்கர், குழாயடி, பால் வண்டின்னு ஆரம்பிச்சிடும்.

மாடி வீட்டு ஆண்ட்டி, காலை 9:15
நாளைக்கு தண்ணி வராதாம். இன்னைக்கே தொட்டி ரொப்பிக்கோங்க எல்லாரும்.

குடியாத்தம் தம்பி, காலை 9:50
சரி ஆண்ட்டி. அண்ணா, பைல் எப்படி வாங்கறது? டேட்டா அவங்களுக்கு எவ்ளோ ஆகும்?

எடிட்டிங் அண்ணா, காலை 10:06
ரெக்கார்டர் ஆப்ல எம்4ஏ, 128 கேபிபிஎஸ் வைக்கச் சொல்லு. நிமிஷத்துக்கு சுமார் 1 எம்பி. இறுக்காத வேவ் பைல்ல 44.1 கிலோஹெர்ட்ஸ் மோனோன்னா 5 எம்பிக்கு மேல போகும், பேச்சுக்கு அவ்ளோ தேவையில்ல. அரை மணி நேரப் பேட்டி 30 எம்பிக்குள்ள முடியும்.

வாட்ஸ்அப்ல மைக் பட்டனை அமுக்கிப் பேசி அனுப்பினா அது ரொம்ப இறுக்கி அனுப்பும். ரெக்கார்டர் பைலை “டாக்குமெண்ட்”னு இணைச்சு அனுப்பினா உள்ளது உள்ளபடி வரும். வீடியோவை அதிகம் கேக்காதே. 1080ல நிமிஷத்துக்கு 100 எம்பிக்கு மேல, பத்து நிமிஷத்துல ஒருநாள் டேட்டா தீந்துடும். 720ல, போனைப் படுக்க வச்சுப் புடிச்சு, 15 விநாடித் துண்டுங்க போதும். கை வேலை, வாசல், சமையல். முகம் ஒலியில வந்துடுது.

டேட்டா ரீசார்ஜ் டீம்தான் பண்ணணும். பேட்டிக்கு முந்தின நாளே பண்ணிடு. முடிச்சப்புறம் பண்ணா பேசினதுக்குக் கூலி குடுத்த மாதிரி ஆயிடும்.

டியூஷன் அக்கா, காலை 10:20
போட்டோ விஷயத்துல உஷாரா இருங்க. வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பற போட்டோவுல எடுத்த இடத்தோட விவரம் அழிஞ்சிடும். டாக்குமெண்டா அனுப்பினா தரம் குறையாது, ஆனா கேமராவுல லொகேஷன் ஆன்ல இருந்தா வீடு இருக்கிற இடமே பைலுக்குள்ள ஒட்டிக்கினு வரும். அதை அப்படியே வலைப்பக்கத்துல ஏத்தினா யார் வேணா எடுத்துப் பாக்கலாம். படம் எடுக்கறதுக்கு முன்னாடியே கேமரா செட்டிங்ல லொகேஷனை அணைக்கச் சொல்லணும். ஏத்தறதுக்கு முன்னாடி நீங்களும் ஒரு தடவை செக் பண்ணணும்.

பின்னணியில கதவு நம்பர், அடையாள அட்டை, பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க வந்தா அந்தப் படம் வேணாம்.

வக்கீல் மாமா, காலை 11:02
அக்கா சொன்னது ரொம்ப முக்கியம். இன்னும் ரெண்டு சேர்த்துக்கோங்க.

ஒண்ணு, யாரைப் பத்தின பக்கம்னு டீம் தெளிவா இருக்கணும். 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்துலேர்ந்து தாயகம் திரும்பினவங்க வேற, 1983 கலவரத்துக்கு அப்புறம் அகதியா வந்தவங்க வேற. முதல் பிரிவு இந்தியக் குடியுரிமையோட வந்தவங்க. ரெண்டாவது பிரிவுல நிறைய பேருக்கு இன்னைக்கும் குடியுரிமை இல்ல. 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூணு நாட்டுலேர்ந்து வந்த முஸ்லிம் அல்லாதவங்களுக்குத்தான், இலங்கை அதுல இல்ல. ரெண்டையும் ஒரே காலவரிசையில கலந்தா படிக்கிறவங்க குழம்பிடுவாங்க.

ரெண்டு, அதனாலயே சில கேள்வி கேக்கக் கூடாது. எந்தப் படகு, யார் கூட்டி வந்தாங்க, பாஸ்போர்ட் என்னாச்சு, அங்க இருக்கிற சொந்தக்காரங்க யார், எதுவும் வேணாம். அவங்களா சொன்னா வெட்டிடுங்க. எழுத்துப் படியிலயும் அந்தப் பகுதி இருக்கக் கூடாது.

முகாமுக்குள்ள வெளியாள் போக அனுமதி வேணும். போன் வழியா எடுக்கறது அதைச் சுத்திப் போற வழி ஆகிடக் கூடாது. அவங்க வீடு, அவங்க குரல், அதோட நிறுத்திக்கோங்க. முகாம் அலுவலகம், பொது இடம் எல்லாம் எடுக்கச் சொல்லாதீங்க. முகாம்ல ஆள் சரிபாக்கிற தணிக்கை நாள்ல கூப்பிடாதீங்க.

காட்பாடி பாப்பா, காலை 11:15
சம்மதத்துக்கு இப்படி எழுதி வச்சிருக்கேன் மாமா, பாருங்க:
“உங்கள் பேட்டியை எங்கள் திட்டத்தில் பயன்படுத்த ஒப்புக்கொள்கிறீர்களா? ஆம் / இல்லை”

வக்கீல் மாமா, காலை 11:33
பத்தாதும்மா. குரல், போட்டோ, பேரு மூணையும் தனித்தனியாக் கேளு. குரல் சரி, பேரு வேணாம்னு நிறைய பேர் சொல்வாங்க. எங்க வெளியாகும், எத்தனை நாள் இருக்கும்னு சொல்லு. வெளியானதுக்கு அப்புறம் நாம எடுத்துட்டாலும் யாராவது நகல் வச்சிருக்கலாம், அதையும் மறைக்காமச் சொல்லு. பேசற பைலோட ஆரம்பத்துலயே அவங்க வாயால சம்மதம் பதிவாகட்டும். 18 வயசுக்குள்ளன்னா பெத்தவங்க குரலும் வேணும்.

எடிட் முடிஞ்சதும் அவங்களுக்கு அனுப்பி, ஒரு வாரம் டைம் குடு. கேட்டுட்டு “இந்த வரி வேணாம்”னா எடுத்துடணும், ஏன்னு கேக்காம. நேர்ல போயிருந்தா முகத்தைப் பாத்தே தயக்கம் புரியும். போன்ல புரியாது, அதனால திரும்பக் கேட்டுத்தான் ஆகணும்.

டியூஷன் அக்கா, மதியம் 12:10
ஒரு குடும்பத்துக்கு ஒரே ஆள் பேசணும். ஆறு பேரும் மாத்தி மாத்தி கூப்பிட்டா அவங்க போனை எடுக்கறதையே விட்டுடுவாங்க. முதல் கால்ல ரெக்கார்டிங் பேச்சே வேணாம், அறிமுகம் மட்டும்.

எடிட்டிங் அண்ணா, மதியம் 12:25
ஆமா. ரெண்டு பேர் குடும்பங்களோட பேசட்டும். ஒருத்தர் பைல் பொறுப்பு. ஒருத்தர் ஒலி, ஒருத்தர் எழுத்துப் படி, ஒருத்தர் வலைப்பக்கம். பைல் வந்த அன்னைக்கே பேரு மாத்தணும்: தேதி, குடும்பக் குறியெண், கேள்வி எண். “புது ரெக்கார்டிங் 7”னு நாலு வீட்டுலேர்ந்தும் வரும், ஒரு வாரத்துல யார் யாருன்னே தெரியாது.

மூணு பிரதி வேணும்: டிரைவ்ல ஒண்ணு, லேப்டாப்ல ஒண்ணு, வேற ஊர்ல இருக்கிற இன்னொருத்தர் பென்டிரைவ்ல ஒண்ணு. இலவச கூகுள் டிரைவ் 15 ஜிபி, ஜிமெயிலும் அதுக்குள்ளதான். “லிங்க் இருக்கிற எல்லாரும் பாக்கலாம்”னு வைக்கவே கூடாது.

குடியாத்தம் தம்பி, மதியம் 12:31
காலவரிசைக்கு, ஷீட்டுலேர்ந்து எடுத்துக் காட்டற டைம்லைன்ஜேஎஸ் வச்சிருக்கோம் அண்ணா. கூகுள் ஷீட்டுல குடும்பப் பட்டியல் இருக்கு, அதுலயே வருஷத்தையும் போட்டுடலாம்ல?

எடிட்டிங் அண்ணா, மதியம் 12:36
வேணாம்! அது வேலை செய்யணும்னா ஷீட்டை “வலையில் வெளியிடு”ன்னு குடுக்கணும். அப்ப ஷீட் உலகத்துக்கே திறந்தது. பேரு, போன் நம்பர் இருக்கிற ஷீட்டை அதுகூட சேக்கவே கூடாது. காலவரிசைக்கு புதுசா தனி ஷீட், அதுல குறியெண்கூட வேணாம். இன்னைக்கே மாத்து.

குடியாத்தம் தம்பி, மதியம் 12:58
மாத்திட்டேன் அண்ணா. இன்னும் வெளியிடல, நல்லவேளை.

ரேடியோ சித்தப்பா, மதியம் 1:20
காலவரிசையை முத்துமண்டபத்துலேர்ந்து ஆரம்பிக்கலாமே? கண்டியோட கடைசி ராஜா ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனை இங்கிலீஷ்காரன் புடிச்சு வேலூர்க் கோட்டையிலதான் வச்சான். 1832ல இங்கயே இறந்தார், பாலாத்தங்கரையில இருக்கிற அந்த முத்துமண்டபம்தான் அவர் சமாதி. நம்ம ஊருக்கும் இலங்கைக்கும் உள்ள தொடர்பு அது.

டியூஷன் அக்கா, மதியம் 1:34
சித்தப்பா, தகவல் நல்லா இருக்கு, ஆனா முதல்ல வேணாம். ராஜாவுல ஆரம்பிச்சா பேசற குடும்பங்க பின்னாடி போயிடுவாங்க. கடைசியில ஒரு குறிப்பா வரட்டும். முகாம் வாழ்க்கைக்கு 2021தான் முக்கியம்: ஆகஸ்டுல “மறுவாழ்வு முகாம்”னு பேரு மாத்தினது, நவம்பர் 2ஆம் தேதி நம்ம வேலூர் மேல்மொணவூர் முகாம்ல புது வீட்டுக்கு அடிக்கல் நாட்டினது. பழைய வீடு, புது வீடு ரெண்டையும் பத்திக் கேட்டா நிறைய சொல்வாங்க.

மேப்ல முகாமைப் புள்ளி வச்சுக் காட்டாதீங்க. இங்க மாவட்டம், அங்க மாவட்டம், அது போதும்.

ரேடியோ சித்தப்பா, மதியம் 1:40
சரிதான், ஒத்துக்கறேன்.

காட்பாடி பாப்பா, மாலை 6:15
எழுத்துப் படிக்கு தானாத் தட்டச்சு ஆகற ஆப் போட்டுப் பாத்தோம். மன்னார் அம்மா பேசறதைத் தப்புத் தப்பா அடிக்குது.

எடிட்டிங் அண்ணா, மாலை 6:40
கையாலதான் எழுதணும். ஒரு மணி நேர ஒலிக்கு நாலஞ்சு மணி நேரம் ஆகும், அதுக்குத் தகுந்த மாதிரி நாள் ஒதுக்கு. பத்திக்குப் பத்தி நிமிஷம், விநாடி போடு. அவங்க பேச்சை நம்ம வேலூர்ப் பேச்சா மாத்தாதே. எழுதினதும் வேண்டிய வரியைத் தாள்ல குறிச்சு, அந்த வரிசைப்படிதான் ஆடாசிட்டிங்கற ஒலி எடிட்டிங் சாஃப்ட்வேர்ல வெட்டணும். நாய்ஸ் ரிடக்ஷன் 6லேர்ந்து 9 டெசிபெல், அதுக்கு மேல போனா குரல் தண்ணிக்குள்ள போயிடும்.

ஞாயித்துக்கிழமை பேட்டிக்கு முன்னாடி ஒவ்வொரு வீட்டுலேர்ந்தும் ஒரு நிமிஷ டெஸ்ட் பைல் வாங்கு. ஹெட்போன்ல கேளு. சத்தம் உச்சத்துல மைனஸ் 12 டெசிபெலுக்கும் மைனஸ் 6க்கும் நடுவுல இருக்கணும். மேல முட்டிச்சுன்னா கிழிஞ்சிடும், சரி பண்ண முடியாது, போனை இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லு.

காட்பாடி பாப்பா, இரவு 8:52
முதல் டெஸ்ட் வந்துடுச்சு அண்ணா, டாக்குமெண்டாவே அனுப்பியிருக்காங்க. குரல் தெளிவா இருக்கு, உச்சம் மைனஸ் 9. பின்னாடி லேசா ஒரு ம்ம்ம் சத்தம் இருக்கு.

எடிட்டிங் அண்ணா, இரவு 9:01
சார்ஜர் இல்லன்னா ஃபிரிட்ஜ். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் விழும். பத்து நிமிஷம் அணைச்சா ஒண்ணும் ஆகாது. ஆனா திரும்பப் போடறதை ஞாபகப்படுத்த வேண்டியது உன் பொறுப்பு.