செல்லூர் குடும்பம் குரூப்: தம்பிய இறக்காத ஞாயிறு

அப்பா: இன்னைக்கும் ஃபுட்பால் மேட்ச்சுல தோல்வி. 0-3. நம்ம பயல கடைசி வரைக்கும் இறக்கவே இல்ல. வெளிய உக்காந்தே இருந்தான்.

பெரியப்பா: டீமே தோத்துக்கிட்டுக் கெடக்கு, 13 வயசுப் பய ஒருத்தன் என்ன பண்ணுவான்? கோச்ச நேராப் போயிக் கேளு. சரியா பதில் வரலைன்னா வேற டீம் பாப்போம்.

அம்மா: வந்ததுல இருந்து ரூம விட்டு வரல. தோசை ஆறிப் போச்சு. என்னாலதான் தோக்குறோம்னு அழுகுறான்.

மாமா: அக்கா, அந்த நெனப்ப மட்டும் அவன் மனசுல தங்க விட்றாத.

மாமா: மச்சான், கோவிச்சுக்காதீங்க. போன மேட்ச் ரேஸ்கோர்ஸ் மைதானத்துல நான் பாத்தேன். லெஃப்ட் பேக்ல, அதான் எடது பக்கத் தடுப்புல நிக்கிறான், பந்து வந்தா பயந்து கீப்பருக்கே திருப்பிக் குடுக்குறான். எதிர் டீம்காரய்ங்க அதக் கண்டுக்கிட்டு எல்லா அட்டாக்கையும் அந்தப் பக்கமே கொண்டு வந்தாய்ங்க. அப்படி அடி வாங்குற பிள்ளைய வாராவாரம் அங்கேயே நிப்பாட்டக் கூடாது. உக்கார வச்சத நான் ஏத்துக்கிறேன். ஏன்னு சொன்னாராமா?

அப்பா: எங்க மாப்ள! லிஸ்ட்ல பேரு இல்ல, அம்புட்டுத்தான்.

மாமா: அதுதான் தப்பு. காரணம் தெரியாத பய, தான் ஒண்ணுக்கும் ஆக மாட்டோம்னு முடிவு பண்ணிருவான். எதைத் திருத்தணும், எப்ப இறக்குவீங்கன்னு கேளுங்க. கடைசி 15 நிமிஷம் இறக்கினாக் கூடப் போதும். நாட்டுக் கால்பந்து சங்கம் ஒத்துக்கிட்டா, சின்னப் பசங்க ஆட்டத்துல வெளிய வந்தவன் திரும்ப உள்ள போகவும் ரூல்ல இடம் இருக்கு.

மாமா: வேல்ஸ் நாட்டு ஃபுட்பால் வீரர் கேரத் பேல் 2007ல லண்டன் டாட்டன்ஹாம் டீமுக்கு வந்தப்ப அவரும் லெஃப்ட் பேக்தான், 17 வயசு. இங்கிலாந்தோட பெரிய போட்டியான பிரீமியர் லீக்ல அவர் ஆடுன முதல் 24 மேட்ச்ல ஒண்ணக்கூட டீம் ஜெயிக்கல. 2009ல பர்ன்லிய 5-0 அடிச்ச மேட்ச்ல, ஜெயிப்பு உறுதியான பொறகு கோச் ஹாரி ரெட்னாப் அவர இறக்கிவிட்டார். 2013ல ஸ்பெயினோட பெரிய டீம் ரியல் மாட்ரிட்டே அவர வாங்குச்சு. தம்பிகிட்ட இதச் சொல்லுங்க.

அக்கா (பிசியோ): சித்தப்பா, பொங்கலுக்கு என் நெத்திக்குத்தான் இருந்தான், இப்ப என்னையவே தாண்டிட்டான். குதிகால் வலின்னு சொன்னானா?

அம்மா: ஆமாத்தா. ஆடிட்டு வந்தா நொண்டுறான். தைலம் தேச்சு விட்டேன்.

அக்கா (பிசியோ): அப்ப அதையும் பாக்கணும் சித்தி. இந்த வயசுல பசங்க ஒரே வருஷத்துல 8, 10 செ.மீ. வளந்துருவாங்க. எலும்பு முந்திக்கிரும், கெண்டைக்கால் தசை இறுகி குதிகால் எலும்பு வளர்ற எடத்தப் பிடிச்சு இழுக்கும். ஓடுனா வலிக்கும். நீளமாப் போன காலுக்கு மூளை பழகுற வரைக்கும் பந்தும் தள்ளித் தள்ளிப் போகும். போன வருஷம் நல்லா ஆடுன பய இப்பத் தடுமாறுறான்னா பாதிக் காரணம் இதா இருக்கலாம். வளத்தி நின்னா சரியாகிரும். அதுவரைக்கும் ஓட்டத்தக் கொறைக்கணும்.

பெரியப்பா: இத கோச்சுக்கு யாரு சொன்னா?

அப்பா: யாரும் சொல்லலண்ணே. நாளைக்கு காலைல நானே போறேன். மாப்ள, நீயும் வா. நான் கோவத்துல ஏதாச்சும் பேசிட்டா நீ பேசு.

மாமா: 6 மணிக்கு கேட்டுல நிக்கிறேன் மச்சான்.

அம்மா: கேட்டேன், ரெண்டு காலுமே வலிக்குதாம். சொன்னா டீம்ல இருந்து எடுத்துருவாங்கன்னு மறைச்சிருக்கான்.

அக்கா (பிசியோ): சாயங்காலம் கூட்டிட்டு வாங்க சித்தி. ஆடுற ஷூவையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, அளவு பாக்கணும்.