புதுப்பிப்பு: கவுனி அரிசி ஐஸ்கிரீம் சரியாக வந்துவிட்டது

காரைக்குடி வெயிலில் ஐஸ்கிரீம் மெஷின் எவ்வளவு சுற்றினாலும் கலவை கெட்டியாகவில்லை, போட்ட கருப்புக் கவுனி அரிசியும் பல்லில் இடறுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இரண்டுக்கும் வழி கிடைத்துவிட்டது.

என்னுடையது தானே குளிரூட்டும் கம்ப்ரசர் இல்லாத மெஷின். குளிர்ச்சி முழுக்க அதன் இரட்டைச் சுவர்ப் பாத்திரத்தில்தான்; சுவர்களுக்கு நடுவே உறையும் திரவம் இருக்கும். அதை ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். ஆட்டிப் பார்த்தால் உள்ளே திரவம் சலசலக்கக் கூடாது. பால் கலவையும் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் இருக்கட்டும். சீக்கிரம் உறைந்தால்தான் பனித்துகள் பொடிசாக நிற்கும்.

கவுனிதான் பாடாய்ப் படுத்தியது. வெந்த அரிசியின் மாவுச்சத்து குளிரில் இறுகிவிடும், முழு மணியாகப் போடவே வேண்டாம். ஊறவைத்து, குழைய வேகவிட்டு, தேங்காய்ப்பாலில் நைசாக அரைத்துக் கலந்தேன். அந்த மாவுச்சத்தே தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் அப்படி ஒரு வழவழப்பு! சர்க்கரையைப் பாதியாக்கச் சொன்னவர்களுக்கு: உறைநிலையைத் தாழ்த்துவதே அதுதான், ரொம்பக் குறைத்தால் ஐஸ்கிரீம் கல்லாகி, கரண்டி இறங்காது.

நிறம் நல்ல ஊதா. எங்கள் ஆச்சிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஏலக்காய் மட்டும் இன்னும் கொஞ்சம் வேண்டுமாம்.