ஐந்து டிரிப்டோபேன் மியூட்டன்ட்: எது எந்தப் படியில் அறுந்தது?

பாம்பன்காற்று:
ஈ.கோலை பாக்டீரியா, கே-12 வகை. டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தைத் தானே செய்ய முடியாதபடி ஜீன் கெட்ட ஐந்து மியூட்டன்ட். டிரிப்டோபேன் இல்லாமல் வளரக் கூடாது, ஆனா எம்9 (அமினோ அமிலம் சேர்க்காத எளிய ஊடகம்) தட்டில் ஐந்துமே மெல்லிசா படலம் கட்டுது. அகர் மண்டபம் பக்கத்துக் கஞ்சிப்பாசியில் காய்ச்சினது, போர் தண்ணி. டிரிப்டோபேன் உருவாகும் வழியில் முதலில் வரும் ஆந்த்ரானிலேட், கடைசியில் வரும் இண்டோல், இவற்றைத் தனித்தனியா கொடுத்தால் 1 இரண்டிலும் நல்லா வளருது. 2, 3, 4 இண்டோலில் மட்டும். 5 எதிலும் இல்லை. 2, 3, 4-ஐ எப்படிப் பிரிக்கிறது?

மரிக்கொழுந்து:
முதலில் படலம். நோன்பு திறக்கும் கடல்பாசிக்கு அந்த அகர் போதும், எம்9-க்கு ஆகாது. மில்லிக்கு 1 மைக்ரோகிராம் டிரிப்டோபேன் ஒட்டியிருந்தாலே படலம் கட்டும். லிட்டருக்கு வேண்டிய 15 கிராமைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து வடிங்க. கழுவுநீர் நிறமில்லாமல் வரும்வரை நாலைந்து தடவை. போர் தண்ணியில் உள்ள கால்சியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து வெள்ளையா படியும், அதையும் விடுங்க. செல்களை 0.85% உப்புநீரில் இரண்டு தடவை கழுவணும். படலம் போனபின் தனித்தனிப் புள்ளியா முளைப்பது பழைய நிலைக்குத் திரும்பிய செல்கள், அதைக் கணக்கில் எடுக்காதீங்க.

தொண்டிஉப்பு:
படி வரிசையில் ஜீன்கள் ஈ, டி, சி, ஏ, பி. 1-இல் கெட்டது முதல் படியின் ஈ ஜீன், 5-இல் கடைசிப் படியின் பி ஜீன், இதில் சிக்கல் இல்லை. 2, 3, 4 நடுவில் உள்ள டி, சி, ஏ-யில் ஏதோ ஒன்று. ஆந்த்ரானிலேட்டுக்கும் இண்டோலுக்கும் நடுவில் உள்ள மூன்று பொருளும் பாஸ்பேட் ஏறியவை. செல் சவ்வைத் தாண்டாது, அதனால் வெளியிலிருந்து ஊட்டிப் பிரிக்க வழியில்லை. என்ன கசியுதுன்னு பாருங்க. மில்லிக்கு 1 மைக்ரோகிராம் டிரிப்டோபேனில் இரவு முழுக்க வளர்த்து, குழம்பைப் புறஊதா விளக்கில் பிடிங்க. நீலமா ஒளிர்ந்தால் ஆந்த்ரானிலேட் தேங்கியிருக்கு. அதை 1-க்குப் பக்கத்தில் கோடு இழுத்தால் 1 அந்த ஓரத்தில் தடிச்சு வளரும்.

பலரும் கோட்டைவிடும் இடம்: தாராளமா 20 மைக்ரோகிராம் ஊத்திடுவாங்க. அப்போ ஓப்பரான் (இந்த ஜீன்கள் சேர்ந்த தொகுப்பு) அடங்கிடும், முதல் நொதியும் தடைபடும், எதுவும் தேங்காது, எல்லாக் குழாயும் இருட்டு.

பாம்பன்காற்று:
ஒளிர்வது டி-ன்னு எழுதிடலாமா?

தொண்டிஉப்பு:
அவசரம் வேண்டாம். சி ஒரே புரதம், அடுத்தடுத்த இரண்டு படியைச் செய்யுது. அதன் முதல் வேலை மட்டும் கெட்டாலும் ஆந்த்ரானிலேட்தான் தேங்கும். ஒளிராதவற்றில் சி-யின் இரண்டாம் வேலை கெட்டதும் ஏ-யும் இருக்கலாம். டி, சி, ஏ ஒவ்வொன்றின் நல்ல பிரதியையும் பிளாஸ்மிடில் (செல்லுக்குள் செலுத்தும் சிறு டிஎன்ஏ வளையம்) தனியா ஏற்றி, எதில் வளருதுன்னு பார்ப்பதே உறுதி.

மரிக்கொழுந்து:
இன்னொன்று. 5-இலிருந்து இண்டோல் கசியும், அது ஆவியாகக்கூடியது. அதை மற்ற தட்டுகளோடு ஒரே டப்பாவில் அடுக்காதீங்க. இண்டோலை எத்தனாலில் கரைச்சு மில்லிக்கு 10 மைக்ரோகிராமுக்குள் வையுங்க, கூடினால் விஷம். வேறு அமினோ அமிலம் தேவைப்பட்டால் அமிலத்தில் சிதைத்த கேசீன் போடலாம். அமிலம் டிரிப்டோபேனை அழிச்சிடும். பெப்டோன் (நொதியால் செரித்த புரதம்) பக்கமே போக வேண்டாம், அதில் டிரிப்டோபேன் மிஞ்சியிருக்கும்.