நாளைக் காலை தெகனாத்தில் (டீன் அலுவலகத்தில்) கடிதம் கொடுக்கணும்: "போனேன்" என்பதற்கு ரஷ்யனில் என்ன?

முதல்பனி:
வணக்கம். அவசரம். ரஷ்யா வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. 12-ஆம் தேதி வகுப்புக்குப் போகவில்லை, கிளினிக் போயிருந்தேன். அதற்கு அப்யஸ்னீதெல்னயா (விளக்கக் கடிதம்) எழுதித் தரச் சொன்னார்கள். "யா இடூ பலிக்லீனிகா" என்று எழுதிக் கொடுத்தேன். தெகனாத்தில் இருந்த அம்மா படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து "ஸிச்சாஸ்?" என்றார். "இப்பவா?" என்று கேட்டிருக்கிறார், வெளியே வந்த பிறகுதான் புரிந்தது. அப்புறம் வகுப்பில் ஒருவன் தன் பழைய கடிதத்தைக் காட்டினான்: "யா பஷோல் ஃப் பலிக்லீனிகு". அப்படியே எழுதினேன். இந்தத் தடவை பஷோலைச் சுற்றிச் சிவப்பு வட்டம். நாளை 9 மணிக்குள் கொடுக்கணும். ஒரு சின்ன "போனேன்"-க்கு இத்தனை பாடா?

கெஃபிர்மோர்:
தம்பி, முதலில் வேற்றுமையைப் பிடி, மீதி தானாக வரும். நாம் "கிளினிக்குக்கு", "கிளினிக்கில்" என்று உருபை ஒட்டுகிறோம். அவர்களுக்கு இரண்டுக்கும் முன்னால் அதே "வ்"தான் (ப-வுக்கு முன்னால் ஃப் என்று ஒலிக்கும்), வார்த்தையின் வால்தான் மாறும். பலிக்லீனிகு என்றால் அங்கே போகிறேன், பலிக்லீனிகே என்றால் அங்கே இருக்கிறேன். வெறும் பலிக்லீனிகா எழுதினால் "நான் போறேன் கிளினிக்" மாதிரி இருக்கும்.

ஆளிடம் போனால் கதை வேறு. "டாக்டருக்குப் போனேன்" என்போமா? டாக்டரிடம் போனேன். அவர்களும் ஆளுக்குத் தனியாகத்தான் வைத்திருக்கிறார்கள். க் விரச்சூ, டாக்டரிடம் போகிறேன். உ விரச்சா, டாக்டரிடம் இருக்கிறேன். அத் விரச்சா, டாக்டரிடமிருந்து வருகிறேன். "ம்ன்யே ஹோலத்னா" அப்படியே நம் "எனக்குக் குளிருது". என் முதல் குளிர்காலத்தில் எனக்குத் தெரிந்த ஒரே முழு வாக்கியம் அதுதான். ஊரிலிருந்து கொண்டுவந்த ஷூவைப் போட்டுக்கொண்டு ஹாஸ்டல் வாசல் பனிக்கட்டியில் மூன்று தடவை விழுந்தேன்...

வோல்காக்கரை:
இதெல்லாம் எதற்கு? போனில் மொழிபெயர்ப்பு ஆப் இருக்கிறதே. தமிழில் போடு, வருவதை எழுது. நான் ஆறு வருடம் அப்படித்தான் ஓட்டினேன்.

கெஃபிர்மோர்:
ஆப்புக்கு "போனேன்" என்று கொடுத்தால் போனது அவனா அவளா என்று அதற்கு எப்படித் தெரியும்? நான் போட்டுப் பார்த்தபோதெல்லாம் ஆண் என்றே வைத்துக்கொண்டது.

மூன்றாம்வருடம்:
ஏஜெண்ட் என்னிடம் என்ன சொன்னான் தெரியுமா? "முழுக்க இங்கிலீஷ் மீடியம் சார், ரஷ்யன் ஒரு வார்த்தை வேண்டாம்." வகுப்பு இங்கிலீஷில்தான். வார்டுக்குள் போனால் படுத்திருக்கும் பாட்டி இங்கிலீஷா பேசுவாள்? எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தெரியாமல் நின்றேன். பாட்டியே என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்துக் காட்டினாள்.

வோல்காக்கரை:
ஏஜெண்ட் பேச்சை எடுக்காதீர்கள், ராத்திரி தூக்கம் போய்விடும். எனக்குச் சொன்ன ஹாஸ்டல் ஒன்று, கொடுத்தது இன்னொன்று. சமையலறையில் 4 அடுப்பு, மாடி முழுக்க ஆள். சாம்பார் வைக்க ராத்திரி 11 மணிக்கு வரிசை.

மூன்றாம்வருடம்:
எங்கள் மாடியில் 2.

டான்ஸ்காயா அக்கா:
சாம்பாரை இறக்கி வையுங்கள், கடிதம் நாளைக்கு. முதல்பனி, மூன்று விஷயம் சொல்லவில்லையே: நடந்து போனீர்களா வண்டியிலா? போய்த் திரும்பி வந்த பயணம்தானே? ஆணா, பெண்ணா? தமிழ்ப் "போனேன்" இதில் எதையும் கேட்காது. ரஷ்யன் மூன்றையும் கேட்ட பிறகுதான் வினையைக் கொடுக்கும்.

முதல்பனி:
மர்ஷ்ரூத்காவில் (மினி பஸ்ஸில்) போனேன். மத்தியானமே திரும்பிவிட்டேன். அப்புறம், தம்பி இல்லை அண்ணா, நான் பெண் 😐

கெஃபிர்மோர்:
மன்னிச்சுக்கோம்மா!

டான்ஸ்காயா அக்கா:
அந்த வட்டத்துக்குக் காரணம் அதுதான். பஷோல், ஆண் சொல்வது. பெண் சொன்னால் பஷ்லா. ஆனால் அதுவும் வேண்டாம். பஷ்லா என்றால் "கிளம்பினேன்", அவ்வளவுதான், திரும்பி வந்த சேதி அதில் இல்லை. ஷ்லா என்றால் "போய்க்கொண்டிருந்தேன்", பாதி வழியில் நிற்கும். போய்விட்டு வந்தாயிற்று என்றால் ஹதீலா.

கெஃபிர்மோர்:
மர்ஷ்ரூத்கா என்கிறாள், ஹதீலா நடைக்கு அல்லவா? வண்டி என்றால் யேஸ்திலா. எங்கள் ஆசிரியை இதற்கு மார்க் குறைப்பார்.

டான்ஸ்காயா அக்கா:
பரீட்சையில் குறைப்பார்கள், சரி. ஆனால் உள்ளூர் டாக்டரிடம் போய்வந்ததை பஸ்ஸில் போயிருந்தாலும் ஹதீலா என்றுதான் சொல்வார்கள். அங்கே பயணம் முக்கியமில்லை, டாக்டரைப் பார்த்ததுதான் முக்கியம். வேறு ஊர் போயிருந்தால் யேஸ்திலாதான், அங்கே ஹதீலா சொன்னால் நடந்தே போனதாகச் சிரிப்பார்கள். என் முதல் வருடம் டிக்கெட் கவுண்டரில் "இடூ வ் மஸ்க்வூ" (மாஸ்கோவுக்கு நடந்து போறேன்) என்றேன். அந்தப் பெண் என் ஷூவை எட்டிப் பார்த்தாள்.

மூன்றாம்வருடம்:
ஆனால் பஸ் மட்டும் "இத்யோத்", நடக்கிறதாம். மழையும் நடக்குமாம், பனியும் நடக்குமாம். நாம் மட்டும் பஸ்ஸில் ஏறினால் வினையை மாற்றணும். இது என்ன நியாயம்?

டான்ஸ்காயா அக்கா:
நியாயம் கேட்க தெகனாத் போ, அதற்கும் கடிதம் எழுதச் சொல்வார்கள். முதல்பனி, இப்படி எழுதும்மா. வலது மேல் மூலையில் டீனுக்கு என்று "தெகானு", அவர் பெயர், கீழே "அத் ஸ்துதென்த்கி", உன் பெயர், குழு எண். நடுவில் தலைப்பு. அப்புறம்:

"12 நயப்ரியா யா நே பிலா ந ஸன்யாதியாஹ், பதமூ ஷ்தா ஹதீலா க் விரச்சூ ஃப் பலிக்லீனிகு. ஸ்ப்ராஃப்கு பிரிலகாயு."

வகுப்பில் இல்லை, ஏனென்றால் கிளினிக்கில் டாக்டரிடம் போய்வந்தேன், சான்றிதழ் இணைத்திருக்கிறேன். பிலாவிலும் ஹதீலாவிலும் கடைசி "லா" விடாதே. கீழே தேதி, கையெழுத்து. ஆமாம், ஸ்ப்ராஃப்கா வாங்கினாய்தானே?

முதல்பனி:
டாக்டர் ஏதோ நீலச் சீல் போட்ட தாள் கொடுத்தார். அதுவா?

டான்ஸ்காயா அக்கா:
அதேதான். வகுப்புக்கு வராத அந்தத் தேதி அதில் இருக்கிறதா பார். இருந்தால் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு அசலைக் கொடு. அந்தத் தாள் இல்லாவிட்டால் ஹதீலா எத்தனை அழகாக எழுதினாலும் வேலைக்கு ஆகாது.

முதல்பனி (மறுநாள்):
வாங்கிக்கொண்டார்கள் அக்கா. அந்த அம்மா இரண்டு "லா"வையும் பேனாவால் தொட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது. யா பஷ்லா.