மலச்சிக்கலுக்குப் பிசியோதெரபியா? எங்கள் வீட்டு அனுபவம்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் அம்மா:

குழந்தையின் மலச்சிக்கலுக்கு பிசியோவைப் பார்க்கப் போகிறோம் என்றால் எங்கள் பக்கத்தில் சிரிக்கிறார்கள். பக்கவாதத்துக்கும் முதுகுவலிக்கும்தானே அது என்று கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

மகன் யு.கே.ஜி. படிக்கிறான். பள்ளியிலிருந்து அடிக்கடி போன் வரும்: "பையனுக்கு லூஸ் மோஷன், ஜட்டியிலேயே போயிட்டான், வந்து கூட்டிட்டுப் போங்க." வீட்டிலோ நாலைந்து நாளானாலும் வெளிக்குப் போகமாட்டான். வருகிற நேரத்தில் கதவுக்குப் பின்னால் போய், காலைப் பின்னிக்கொண்டு, குதிகாலைத் தூக்கி, முகம் சிவக்க நிற்பான். பார்க்கிற எல்லோரும் பாவம், முக்குகிறான் என்பார்கள். பாலக்காட்டில் பார்த்த டாக்டர்தான், அவன் முக்கவில்லை, அடக்குகிறான் என்று சொன்னார்.

வயிற்றை அமுக்கியபோது இடது பக்கம் கீழே கட்டி கட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டது. ஒருமுறை வலியோடு போன குழந்தை அடுத்த முறை பயந்து அடக்கும். அடக்க அடக்கக் குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், மலம் இன்னும் இறுகும். நாளாக ஆக மலக்குடல் விரிந்து, நிறைந்திருக்கிறது என்ற உணர்வே மங்கிவிடும். அப்புறம் அந்தக் கட்டியின் ஓரமாகத் தண்ணியாகக் கசிவதைத்தான் பள்ளியில் லூஸ் மோஷன் என்று நினைத்திருக்கிறார்கள். அது கசிவதே அவனுக்குத் தெரியாது. இதைக் கேட்டபிறகு வீட்டில் 'வீம்பு பிடிச்ச பையன்' என்ற பேச்சு நின்றது. எனக்கு அதுவே பாதி வைத்தியம்.

பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடரைத் தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொன்னார். தேங்கியதை வெளியேற்ற முதலில் கூடுதல் அளவு, பிறகு தினமும் குறைந்த அளவு. மலம் இளகிவிட்டது, ஆனாலும் முழுதாக வரவில்லை. அதற்காகத்தான் கோயம்புத்தூரில் குழந்தைகளுக்கான பிசியோவிடம் அனுப்பினார். வேலந்தாவளம் வழியாக பஸ் பிடித்துப் போனோம்.

அந்தம்மா முதலில் கேட்ட கேள்வியே எங்கள் வீட்டுக் கக்கூஸைப் பற்றி. மாமனாருக்கு மூட்டுவலி என்று வெஸ்டர்ன் போட்டிருந்தோம். அதில் உட்கார்ந்தால் பையனின் கால் தொங்கும், விழுந்துவிடாமல் இருக்க இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொள்வான். அப்படி உடம்பை இறுக்கிக்கொண்டிருந்தால் ஆசனவாய்த் தசை எப்படித் தளரும்? குழந்தைகளுக்கான சின்ன சீட்டை மேலே வைத்து, காலுக்கு ஒரு பலகை போட்டு, முழங்கால் இடுப்பைவிட உயரமாக, முன்பக்கம் சாய்ந்து முழங்கையைத் தொடையில் ஊன்றி உட்காரச் சொன்னார். குத்தவைத்து உட்காரும்போது மலக்குடலைச் சுற்றி வளைத்துப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து பாதை நேராகிறது. அந்த வசதியைத்தான் பலகை ஓரளவு திருப்பிக் கொடுக்கிறது.

பிறகு ஆசனவாய்க்கு இரு பக்கமும், தோலின் மேலேயே, சின்ன ஸ்டிக்கர் ஒட்டி கம்ப்யூட்டரில் இணைத்தார்கள். தசையை இறுக்கினால் திரையில் கோடு ஏறும், தளர்த்தினால் இறங்கும். "ஆய் போற மாதிரி முக்கு" என்றதும் இறங்க வேண்டிய கோடு விர்ரென்று ஏறியது! மேலே வயிறு தள்ளுகிறது, கீழே வாசலை இழுத்துப் பூட்டிக்கொள்கிறான். மருந்து மலத்தை இளக்கும், பூட்டைத் திறக்கச் சொல்லிக் கொடுக்காது. பிசியோவின் வேலை அங்கேதான் இருக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கியது. அவனுக்கு அது வீடியோ கேம். கோட்டை இறக்கினால் மீன் நீந்தும்.

மூச்சுப் பயிற்சியும் விளையாட்டுதான். மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் பொம்மை காரை வைத்து மூச்சால் ஏற்றி இறக்குவது, சோப்பு நுரை ஊதுவது, ஸ்ட்ராவால் பஞ்சு உருண்டையை மேசை முழுக்க ஊதித் தள்ளுவது. கக்கூஸில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்து முக்காமல், மாடு மாதிரி 'மூ' என்று நீட்டச் சொன்னார். தாத்தாவும் வெளியே நின்று பதிலுக்குக் கத்துவார். வயிற்றைத் தடவிவிடுவதற்கும் ஒரு திசை உண்டு: வலது கீழிருந்து மேலே, குறுக்கே, பிறகு இடது பக்கம் கீழே. குடல் போகிற வழி அதுதான்.

சாப்பிட்டபின் குடல் தானாக அசையும் என்பதால், சாப்பாடு முடிந்து அரை மணிக்குள் ஐந்து பத்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும். காலையில் ஸ்கூல் வேன் வந்துவிடும் அவசரத்தில் இது நடக்காது, சொல்லிவிடுகிறேன். நாங்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொண்டோம். வந்தாலும் வராவிட்டாலும் உட்கார்ந்ததற்கு ஒரு ஸ்டார். இப்போது பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாளாவது போகிறான். ஜட்டி சுத்தமாக இருக்கிறது.

நகரியிலிருந்து ஓர் அப்பா:

அக்கா, எங்களுக்கு இது மூத்திரத்தில் ஆரம்பித்தது. மூன்றாவது படிக்கும் மகளுக்கு அடிக்கடி யூரின் இன்ஃபெக்ஷன், பகலிலேயே பாவாடை நனையும். மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தார்களே தவிர, மலம் எப்படிப் போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வேலூரில் அடிவயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது மலக்குடல் 3 செ.மீ.க்கு மேல் அகன்று மூத்திரப்பையை அழுத்திக்கொண்டிருந்தது. பள்ளிக் கக்கூஸில் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீரும் இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை இரண்டையும் அடக்கியிருக்கிறாள்.

பிசியோவைப் பார்க்கச் சொன்னபோது, பெண் குழந்தையை எங்கே தொடுவார்களோ என்று எனக்கும் வீட்டம்மாவுக்கும் தயக்கமாகத்தான் இருந்தது. பிசியோ ஒரு பெண். உள்ளே கைவிட்டு எந்தச் சோதனையும் இல்லை, அம்மா பக்கத்திலேயே இருக்கலாம், குழந்தை வேண்டாம் என்றால் அன்றைக்கு ஸ்டிக்கரும் வேண்டாம் என்றார். தறி வேலையை விட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் போக முடியாது என்றதும் வீட்டில் செய்வதையே அதிகம் சொல்லிக்கொடுத்தார். இரண்டு மூன்று மணிக்கு ஒருதரம் ஒன்றுக்குப் போக வேண்டும், காலை ஊன்றி, தொடையை அகட்டி, அவசரப்படாமல். மலச்சிக்கல் தீர்ந்தபிறகுதான் நனைவதும் குறைந்தது.

களியக்காவிளையிலிருந்து ஒரு பாட்டி:

மக்களே, எங்க காலத்தில் வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தொட்டு வைப்போம், சோப்பைச் சீவியும் வைப்போம். அந்த நேரத்துக்குப் போகும். ஆனால் என் பேரன் அதற்கப்புறம் என்னைக் கண்டாலே பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டு ஓடினான். பயத்தில் அடக்குகிற பிள்ளைக்கு இன்னும் பயம் காட்டினால் எப்படி? சோப்பு உள்ளே புண்ணாக்கவும் செய்யும் என்று டாக்டர் சொன்னார். இப்போது பாலைக் குறைத்து, பப்பாளியும் கீரையும் கொடுக்கிறோம். அந்தப் பவுடரை மாசக்கணக்கில் கொடுத்தால் பழகிவிடாதா?

கொழிஞ்சாம்பாறை அம்மா:

பாட்டி, நானும் இதையேதான் கேட்டேன். அந்தப் பவுடர் உடம்பில் பெரும்பாலும் சேர்வதில்லை, மலத்தில் தண்ணீரைப் பிடித்துவைத்து அப்படியே வெளியேறிவிடும், குடல் அதற்குப் பழகிவிடாது என்றார்கள். விரிந்த மலக்குடல் பழைய அளவுக்கு வர மாதங்கள் ஆகும். நல்லா போகிறானே என்று நாமாக நிறுத்தினால் திரும்பவும் தேங்கும். டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

ஒன்று விட்டுப்போனது. பிறந்து 48 மணி நேரம் தாண்டியும் முதல் கருமலம் போகாத குழந்தை, வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி எடுக்கிற குழந்தை, எடை ஏறாத குழந்தை, கால் பலவீனமாக இருக்கிற குழந்தை, இவர்களுக்குக் காரணமே வேறாக இருக்கலாம். பிசியோவுக்கு முன்னால் குழந்தை டாக்டர் பார்த்தாக வேண்டும்.

போகும்போது இரண்டு வாரக் குறிப்பு கொண்டுபோங்கள்: எந்த நாள் போனான், கெட்டியா இளக்கமா, ஜட்டியில் பட்டதா, எவ்வளவு தண்ணீர் குடித்தான். பிரிஸ்டல் அட்டவணை என்று 1 முதல் 7 வரை மலத்தின் படம் போட்ட தாள் கொடுப்பார்கள், எண்ணை மட்டும் எழுதினால் போதும். ஆட்டுப் புழுக்கை மாதிரி இருந்தால் 1, வழவழப்பாக, நீளமாக, இளக்கமாக வந்தால் 4. எங்கள் வீட்டில் பையனே கத்திச் சொல்கிறான், "அம்மா, இன்னிக்கு நாலு!"