வேகப் படகு திரும்பவில்லையா? சுக்கானைப் பெரிதாக்கும் முன் இதைப் பாருங்கள்

ஃபைபர் படகு கட்டும் இடத்தில் வரைபட வேலை பார்க்கிறேன். 16 அடிப் படகு ஒன்று எங்களிடம் வந்தது. உள்ளே எஞ்சின், கடையாலுக்கு (படகின் பின்பக்கத்துக்கு) வெளியே தொங்கும் சுக்கான். மெதுவாகப் போகும்போது சொன்ன பேச்சு கேட்கும். வேகம் பிடித்துத் தண்ணீரின் மேல் வழுக்க ஆரம்பித்ததும் கதை வேறு. திருப்பினால் ஒரு கணம் பிடிக்கும், அப்புறம் ஸ்டீயரிங் சட்டென்று லேசாகிவிடும். படகு பாட்டுக்கு நேராகப் போகும். சுக்கானைப் பெரிதாக்கிக் கொடுங்கள் என்றார் உரிமையாளர்.

பெரிதாக்கினால் தீராது. வேகத்தில் திருப்பிவிட்டுப் பின்னால் எட்டிப் பார்த்தாலே காரணம் தெரியும்: சுக்கானின் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வெறும் காற்றுக்குழி. திருப்பும்போது ஒரு பக்கத்தில் அழுத்தம் குறைகிறது. நீர்மட்டம் அருகிலேயே இருப்பதால் காற்று அந்த வழியாக இறங்கிவிடுகிறது. நாங்கள் சுக்கானைப் படகின் அடிக்குக் கீழே உள்தள்ளி வைத்தோம்; அடிப்பாகமே காற்றை மறிக்கும் மூடியானது. அதற்கு இடமில்லாவிட்டால் சுக்கானின் தலையில் கிடைமட்டமாக ஒரு தகடு வைக்கலாம். அவுட்போர்டில், அதாவது படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சினில், ப்ரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தகட்டுக்கும் இதே வேலைதான். மிக வேகமான படகுகளில் முன்விளிம்பு கூர்மையாகவும் பின்விளிம்பு மொட்டையாகவும் உள்ள ஆப்பு வடிவச் சுக்கான் வைப்பார்கள். வேகம் குறைந்தால் அது இழுவைதான்.

* * *

அண்ணே, நாங்கள் ஏரியில் ரிமோட்டில் ஓட்டும் சின்ன ஆர்சி படகுகளிலும் இதே பாடுதான். ப்ரொப்பல்லர் பாதி வெளியே தெரியும் மாடல்களில் நேர் பின்னால் நுரைதான் இருக்கும். அதனால் சுக்கானை ஒரு பக்கமாக, கலங்காத தண்ணீரில் தள்ளி வைப்போம். பந்தயம் வலச்சுற்று என்பதால் பெரும்பாலும் வலது பக்கம்.

இன்னொன்று, வேகம் இரண்டு மடங்கானால் சுக்கான் மேல் விசை நான்கு மடங்கு. சுக்கானைத் திருப்பும் சின்ன மோட்டாரான சர்வோ திணறிவிடும். சுழலும் தண்டை முன்விளிம்பிலேயே வைக்காமல், பரப்பில் 15 முதல் 20 சதவீதம் தண்டுக்கு முன்னால் வருகிற மாதிரி வைத்தால் பாரம் நன்றாகக் குறையும். லேசாக இருக்கிறதே என்று இதை மேலும் கூட்டினால், சுக்கான் தானாக முழுக்கத் திரும்பி அங்கேயே நிற்கும். நண்பரின் படகு அப்படித்தான் கோரைப்புல்லுக்குள் பாய்ந்தது. பாவம், புதுப் பெயின்ட்.

* * *

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஃபைபர் படகுகளில் சுக்கானே இல்லை, தம்பி. அவுட்போர்டையே கைப்பிடியால் திருப்புகிறோம். கை ஓயாமல் ஒரு பக்கம் இழுபடுகிறது என்று பலர் சொல்வார்கள். ப்ரொப்பல்லருக்கு மேலே இருக்கும் அந்தத் தகட்டுக்கு அடியில் மீன் செட்டை போல ஒரு சிறு துண்டு இருக்கிறதே, அதைப் பாருங்கள். படகு எந்தப் பக்கம் இழுக்கிறதோ, அந்தப் பக்கமே அதன் பின்முனையைத் திருப்பி இறுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டு எஞ்சினைத் திட்டுபவர்கள்தான் அதிகம்.

புதிதாக ஓட்டுபவர்களுக்கு: எதிரே வலைப்படகு வந்தால் பதறி வேகத்தை முழுக்கக் குறைத்துவிட்டுத் திருப்பாதீர்கள். தள்ளும் தண்ணீர் நின்றால் திரும்பும் பலமும் பெரும்பாலும் போய்விடும். குறையுங்கள், ஆனால் கொஞ்சம் தள்ளிக்கொண்டே திருப்புங்கள். எஞ்சினை நிறுத்தும் கயிறு கட்டாயம் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். கைப்பிடி உதறி ஆள் விழுந்தால் எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்துகொள்ளும், படகு வட்டமடித்து விழுந்தவர் மேலேயே வரும்.